ஒட்டின வினைலைக் கிளப்பிட்டு அதையே திரும்ப ஒட்டலாமா?

பசையை இளக்க என்ன கெமிக்கல் வாங்கலாம்னுதான் கேட்டிருக்கீங்க, ஆனா நீங்க எழுதினதை முழுசா படிச்சா நிஜமான கேள்வி வேறன்னு தெரியுது. ஸ்கார்பரோல 1979ல கட்டின வீடு, கிச்சன்ல சுவத்துக்கு சுவர் ஒரே ஷீட்டா ஒட்டின வினைல், பழசுதான் ஆனா பார்க்க நல்லாவே இருக்கு, நடந்தா கிறீச் கிறீச்னு சத்தம், டிஷ்வாஷர் முன்னாடி ஒரு இடத்துல மட்டும் கால் வச்சா லேசா அமுங்குது. வினைலைக் கிளப்பி, கீழ இருக்கற பலகையை சரி பண்ணிட்டு, அதே வினைலைத் திரும்ப ஒட்டி புது தரை செலவை மிச்சம் பண்ண முடியுமா, இதுதான் நீங்க கேக்கறது. நான் டொரான்டோ பக்கம் ஃப்ளோரிங் வேலையே தொழிலா பண்றவன், அதனால சுத்தி வளைக்காம சொல்றேன். வினைல் கிளம்பும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா கிழியாம, இழுபடாம, திரும்ப ஒட்டற நிலைமைல கிளம்புமான்னு கேட்டா, நீங்க சொல்ற வயசுக்கும் ரகத்துக்கும் பெரும்பாலும் கிளம்பாது. அதே சமயம் நீங்க எழுதினதுல போற போக்குல ஒரு வரி சொல்லிருக்கீங்க, கிச்சனுக்கு நேர் கீழ பேஸ்மென்ட்ல ட்ராப் சீலிங்னு, அதாவது கையால தூக்கி எடுக்கற அட்டை சீலிங். அது உண்மைன்னா உங்க வேலைல பாதிக்கு மேல வினைலைத் தொடாமலே முடிஞ்சிடும்.

முதல்ல தரைக்குள்ள என்ன அடுக்கு இருக்குன்னு பாருங்க, அதுக்கு எதையும் வெட்ட வேண்டாம். கிச்சன்ல ஃபர்னஸ் காத்து வர்ற வென்ட் தரைல எங்கயாவது இருக்கும், பெரும்பாலும் ஜன்னல் பக்கம் இல்ல பின்வாசல் பக்கம். அந்த இரும்பு மூடியைத் தூக்கிட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க, வெட்டின ஓரம் அப்படியே தெரியும். மேல 2 மில்லிமீட்டர் அளவுக்கு வினைல், அதுக்குக் கீழ கால் இஞ்ச் மெல்லிசு பிளைவுட், அதுக்குக் கீழ 5/8 இஞ்ச் தடிமன்ல நிஜ சப்ஃப்ளோர், அதாவது அடித்தளப் பலகை, அந்தக் காலத்து வீட்டுல வழக்கமா இப்படித்தான் இருக்கும். சில வீட்டுல ரெண்டு வினைல் இருக்கும், பழசு மேலயே புதுசை ஒட்டிட்டுப் போயிருப்பாங்க. அப்படி இருந்தா மேல இருக்கறது எந்த வருஷத்துதுங்கறதை விட அடில இருக்கறது எந்த வருஷத்துதுங்கறதுதான் முக்கியம். பார்க்கறதோட நிறுத்திக்கங்க, ஓரத்தை நகத்தால சுரண்டிப் பார்க்க வேண்டாம், ஏன்னு அடுத்து சொல்றேன்.

1979னு நீங்க எழுதினதைப் பார்த்ததும் எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது பசை இல்ல, ஆஸ்பெஸ்டாஸ், அதாவது மூச்சுல போனா நுரையீரலைக் கெடுக்கற கல்நார். 80கள் ஆரம்பம் வரைக்கும் வந்த நிறைய ஷீட் வினைலுக்கு அடில காகிதம் மாதிரி ஒரு ஃபெல்ட் இருக்கும், அதுல ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மேல இருக்கற வழவழ பாகம் பிரச்சனை இல்ல, ஒட்டிக்கிட்டு சும்மா கிடக்கற வரைக்கும் அந்த ஃபெல்ட்டும் பிரச்சனை இல்ல. நீங்க உரிக்க ஆரம்பிக்கும்போது ஃபெல்ட் நடுவுல பிளந்து பாதி வினைலோட வரும், பாதி தரையிலயே நிக்கும், அந்தப் பிளவுலதான் நார் காத்துல கிளம்பும். அப்புறம் தரைல நிக்கற மிச்சத்தை காஞ்ச நிலைல சுரண்டினாலோ சாண்டர் போட்டாலோ வீடு முழுக்கப் பரவிடும், சாதாரண வேக்யூம் போட்டா இன்னும் மோசம். கண்ணால பார்த்து இருக்கு, இல்லன்னு யாராலயும் சொல்ல முடியாது, என்னாலயும் முடியாது, நான் ஆஸ்பெஸ்டாஸ் இன்ஸ்பெக்டரும் இல்ல. "எங்க பக்கத்து வீட்டுல இதே வினைல்தான், ஒண்ணும் ஆகல"ன்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க. டெஸ்ட் பண்ற லேப் டொரான்டோல நிறைய இருக்கு. டெஸ்டிங் ஆளையே வரச்சொல்லி சாம்பிள் எடுக்க வச்சிட்டா தலைவலி இல்ல. வினைல், அடி ஃபெல்ட், பசை மூணும் சேர்ந்த துண்டா எடுக்கணும், ரெண்டு அடுக்கு வினைல் இருந்தா ரெண்டுலயும் எடுக்கணும், ஃப்ரிட்ஜ் அடி மாதிரி மறைவான இடத்துல எடுத்தா அடையாளமும் தெரியாது.

ஒன்டாரியோல எடைல 0.5 சதவீதம் இருந்தாலே அதை ஆஸ்பெஸ்டாஸ் பொருள்னு எடுத்துப்பாங்க, 278/05ன்னு ஒரு ரெகுலேஷன் இருக்கு, வேலைக்கு ஆள் வச்சீங்கன்னா அந்த ஆள் அதுக்குக் கட்டுப்பட்டவர். ரிப்போர்ட் கேக்காம "நாளைக்கே வந்து உரிச்சிடறேன்"னு சொல்ற கான்ட்ராக்டரை அப்பவே அனுப்பிடுங்க. ரிப்போர்ட்ல இருக்குன்னு வந்தா பயந்துபோய் வீட்டைக் காலி பண்ணணும்னு அர்த்தம் இல்ல. அமுங்கற இடம் அழுகலா இல்லாத பட்சத்துல அதைத் தொடாம மேலயே இன்னொரு தரையைப் போட்டு மூடிடறது எல்லாரும் ஒத்துக்கற வழி. கனடாவுல ஆஸ்பெஸ்டாஸ் பொருளுக்கு ஒட்டுமொத்த தடை வந்ததே 2018 டிசம்பர் 30ல இருந்துதான், அதனால இந்த ஊர்ல பழைய வீட்டுல ஏதோ ஒரு மூலைல அது இருக்கறது ஒண்ணும் அதிசயம் இல்ல.

இப்ப சத்தத்துக்கு வர்றேன். அந்தக் கால வீட்டுல நிறைய இடத்துல சப்ஃப்ளோரை ஜாய்ஸ்ட் மேல, அதாவது தரையைத் தாங்கற உத்தரக் கட்டை மேல, ஆணி மட்டும் அடிச்சு வச்சிருப்பாங்க, பசை போட்டிருக்க மாட்டாங்க. மரம் காஞ்சு சுருங்கினதும் பலகைக்கும் ஜாய்ஸ்ட்டுக்கும் நடுவுல ஒரு நூல் இடைவெளி வந்துடும், நீங்க மிதிக்கும்போது பலகை அந்த ஆணி மேல ஏறி இறங்கும், அதுதான் கிறீச். இதை கீழ இருந்து பார்க்கறது சுலபம். பேஸ்மென்ட்ல ஏணி போட்டு சீலிங் அட்டையை எடுத்துட்டு நீங்க கீழ நில்லுங்க, வீட்டுல ஒருத்தரை மேல மெதுவா நடக்கச் சொல்லுங்க. சத்தம் வர்ற இடத்துல ஜாய்ஸ்ட்டையும் பலகையையும் ஒரு விரலால சேர்த்துத் தொட்டு வச்சிருந்தா அசையறது விரலுக்கே தெரியும், கண்ணுக்குத் தெரியாத அசைவு கூட. இடைவெளி சின்னதா இருந்தா மரச் சீவலுல பசை தடவி கையால அமுக்கி சொருகினா போதும், சுத்தியலால அடிச்சு ஏத்தாதீங்க, ஏத்தினா பலகை மேல எழும்பி பக்கத்து ஆணியைக் கிளப்பிவிட்டு புது சத்தம் ஆரம்பிக்கும், மேல வினைல்ல மேடும் தெரியும்.

நீளமா சத்தம் வர்ற இடத்துக்கு இன்னொரு வேலை இருக்கு. ஒரு 2x4 மரக்கட்டைத் துண்டை ஜாய்ஸ்ட் பக்கவாட்டுல, அகல முகம் சப்ஃப்ளோரை ஒட்டற மாதிரி படுக்க வச்சு, ரெண்டு முகத்துலயும் கன்ஸ்ட்ரக்ஷன் அட்ஹெசிவ் போட்டு, ஜாய்ஸ்ட்டோட முதல்ல நல்லா இறுக்கிடுங்க, அப்புறம் கீழ இருந்து மேல சப்ஃப்ளோருக்குள்ள ஸ்க்ரூ போடுங்க. அந்த 2x4 கட்டையைப் படுக்கவச்ச நிலைல அதோட தடிமன் ஒன்றரை இஞ்ச்தான், அதனால 2 இஞ்ச் ஸ்க்ரூ போட்டா அரை இஞ்ச் மட்டும் 5/8 பலகைக்குள்ள போகும், மேல எட்டிப்பார்க்காது. இந்தக் கணக்கை ஒருதடவை இல்ல ரெண்டுதடவை போட்டுப் பாருங்க, இரண்டரை இஞ்ச் ஸ்க்ரூ கைல கிடைச்சுதுன்னு போட்டா அது அடி பிளைவுட்டைத் தாண்டி வினைல் வரைக்கும் முட்டும், எந்த தரையைக் காப்பாத்தணும்னு கீழ போனீங்களோ அதுலயே ஓட்டை. கட்டைல ஸ்க்ரூ தளர்வா போற அளவுக்கு ஓட்டை முன்னாடியே போட்டுடுங்க, அப்பதான் ஸ்க்ரூ இறுகும்போது பலகை கீழ இழுபடும், இல்லன்னா கட்டையும் பலகையும் அதே இடைவெளியோட அப்படியே பூட்டிக்கும். எலெக்ட்ரிக் வயர், தண்ணி பைப் எங்க ஓடுதுன்னு பார்த்துட்டு ட்ரில் எடுங்க.

இதுல ஒரு சந்தேகம் எனக்கு இருக்கு, அதையும் சொல்லிடறேன். உங்க சத்தம் சப்ஃப்ளோருக்கும் ஜாய்ஸ்ட்டுக்கும் நடுவுல வராம, மேல இருக்கற கால் இஞ்ச் பிளைவுட்டுக்கும் சப்ஃப்ளோருக்கும் நடுவுல வந்தா கீழ இருந்து இந்த முறைல சரியாகாது. அந்த மெல்லிசு பிளைவுட்டை ஸ்டேப்பிள் அடிச்சுதான் வச்சிருப்பாங்க, ஓரத்துல 2 இஞ்சுக்கு ஒண்ணு, நடுவுல 4 இஞ்சுக்கு ஒண்ணுன்னு நெருக்கமா அடிக்கணும், அவசரத்துல கம்மியா அடிச்சிருந்தா அது தனியா பேசும். கீழ நின்னு தொட்டுப் பார்க்கும்போது மேல சத்தம் கேக்குது ஆனா கீழ எதுவுமே அசையலன்னா இதுவா இருக்க வாய்ப்பு அதிகம்.

டிஷ்வாஷர் முன்னாடி அமுங்கற இடம் வேற கதை, அதை சத்தத்தோட சேர்த்துப் பார்க்காதீங்க. கீழ இருந்து அதே இடத்துல ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால பலகையைக் குத்திப் பாருங்க, நல்ல மரம்னா முனை நிக்கும், அழுகினதுன்னா வெண்ணையா உள்ள போகும், கறுப்பு கறையும் தெரியும். பலகை நல்லா இருந்து வெறும் தளர்வுன்னா ரெண்டு ஜாய்ஸ்ட்டுக்கும் நடுவுல ஒரு கட்டை குறுக்க அடிச்சு கொடுத்தா நின்னுடும். அழுகல்னா கீழ இருந்து பண்ற எந்த வேலையும் ஒட்டுப்போடறதுதான், மேல இருந்து வெட்டி எடுத்தே ஆகணும், அதுக்கு முன்னாடி தண்ணி எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிக்கணும், டிஷ்வாஷரோட இன்லெட் கனெக்ஷன், கதவோட அடி ரப்பர், சிங்க் டிரெயின் மூணையும் பாருங்க. கசிவை நிறுத்தாம புது பலகை போட்டா அதுவும் அதே வழிக்குத்தான் போகும்.

சரி, கிளப்பியே ஆகணும், டெஸ்ட்லயும் ஆஸ்பெஸ்டாஸ் இல்லன்னு வந்துடுச்சுன்னு வச்சுப்போம். இப்ப எந்த ரகம்ங்கறதுலதான் எல்லாமே இருக்கு. தரை முழுக்க பசை தடவி ஒட்டின ஃபெல்ட் வினைல்னா திரும்ப ஒட்டற ஆசையை விட்டுடுங்க. அட்டைப் பெட்டில ஒட்டின டேப்பை உரிச்சா அட்டையோட மேல்தோலும் சேர்ந்து வருமே, அதே கதைதான், எந்த கெமிக்கலும் எந்த சூடும் அந்த ஃபெல்ட்டை முழுசா தராது, ஏன்னா பசை ஃபெல்ட்டை விட பலமானது. இன்னொரு ரகம் இருக்கு, சுவர் ஓரத்துலயும் ஜாயின்ட்லயும் மட்டும் ஒரு பட்டை பசை, நடுவுல சும்மா கிடக்கும். விரல் முட்டியால தரையைத் தட்டிக்கிட்டே நடு ரூமுக்குப் போங்க, ஓரத்துல கெட்டியாவும் நடுவுல பொத்துனும் கேட்டா அதுவா இருக்கலாம். இது உங்களுக்கு இருக்கற நல்ல வாய்ப்பு, ஆனா இதுலயும் ஒரு சிக்கல், இந்த வினைலை ஒட்டினப்புறம் லேசா சுருங்கி டிரம் மாதிரி இறுகி நிக்கறதுக்குன்னே பண்ணிருப்பாங்க, பல வருஷம் இழுபட்ட நிலைல இருந்தது ஓரத்துல விடுபட்டதும் உள்பக்கம் சுருங்கிக்கும், திரும்ப விரிச்சா சுவர் ஓரத்துக்கு எட்டாது. கொஞ்சம் குறைஞ்சா பேஸ்போர்டு, அதாவது சுவர் அடிப் பலகை, கீழ குவார்ட்டர் ரவுண்டு பட்டை அடிச்சு மறைக்கலாம், அதுக்கு மேல குறைஞ்சா மறைக்க வழி இல்ல.

தனித்தனி பலகையா ஒட்டின வினைல் பிளாங்க், அதாவது கடந்த பத்து பதினஞ்சு வருஷத்துல போட்டது, அது வேற. அதுக்கு பெரும்பாலும் பிரஷர் சென்சிடிவ் பசை போடுவாங்க, அது காஞ்சப்புறமும் பிசுபிசுன்னே இருக்கும், அதனால சூடு காட்டி ஒவ்வொண்ணா கிளப்பி திரும்ப ஒட்ட முடியும், நான் பண்றதும் உண்டு. உங்களுது ஷீட்டுன்னு சொல்றீங்க, ஆனா இதைப் படிக்கற வேற யாருக்காவது உதவும்னு சொல்றேன். ஹேர் டிரையரோ குறைச்சு வச்ச ஹீட் கன்னோ போதும், கை வச்சா பொறுக்கற சூட்டை விட கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஹீட் கன்னை முழு வேகத்துல வச்சா 500 டிகிரி வரைக்கும் போகும், அந்த சூட்டுல வினைல்ல இருக்கற பிவிசி பிளாஸ்டிக் கருகி ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும், மூக்கும் கண்ணும் எரியும். கருகின வாசனை வந்துட்டா ஏற்கனவே தாண்டிட்டீங்கன்னு அர்த்தம். ஒரு மூலையை சூடாக்கி அகல ஸ்கிரேப்பரைத் தரையோட படுக்க வச்சு உள்ள விட்டு, கிளம்பின பாகத்தை மேல தூக்காம பின்னாடி மடக்கி மெதுவா இழுங்க, நேரா மேல தூக்கினா வினைல் நீண்டுடும், நீண்டது திரும்பாது. எடுத்ததை சமமான இடத்துல முகம் மேல பார்க்கப் படுக்கப் போடுங்க, சுருட்டவோ சுவத்துல சாய்க்கவோ வேண்டாம், வரிசை நம்பரை மாஸ்கிங் டேப்புல எழுதி ஒட்டுங்க.

கெமிக்கல் பத்தி நீங்க நேரா கேட்டதுக்கு வர்றேன். பசை ரிமூவர்னு விக்கறது பசையைக் கரைக்கும், அது உண்மை. ஆனா வினைலுக்கு அடில இருக்கற பசைக்கு அது போய்ச் சேர வழியே இல்ல, வினைலைக் கிளப்பினப்புறம் மிச்சத்தை எடுக்கத்தான் உதவும். அதுலயும் ஒரு வில்லங்கம், மரத்துல ஊறின சால்வென்ட் முழுசா போகாது, அது மேல ஒட்டற புது பசையையும் வினைலோட அடியையும் மெதுவா இளக்கும், அதனாலதான் நிறைய வினைல் கம்பெனி தன் கையேட்லயே ரிமூவர் போட்ட தரைல ஒட்டாதீங்கன்னு எழுதிருக்காங்க. டிரை ஐஸ் வச்சு உறைய வச்சா பசை நொறுங்கிடும்னு சொல்றவங்களும் இருக்காங்க, டைல்ல அது சில நேரம் வேலை செய்யுது, ஆனா உறைஞ்ச வினைலும் நொறுங்கும், திரும்ப ஒட்ட நினைக்கறவருக்கு அது ஆகாது, மூடின ரூம்ல கார்பன் டை ஆக்சைடு சேர்றது ஆபத்தும் கூட.

உங்க இடத்துல நான் இருந்தா, டெஸ்ட்ல ஆஸ்பெஸ்டாஸ் இல்லன்னும் வந்து, அழுகல்னும் உறுதியான பட்சத்துல, முழு ஷீட்டையும் தொட மாட்டேன். டிசைன்ல டைல் கோடு மாதிரி கோடு இருக்கும் இல்லையா, அழுகின இடத்தைச் சுத்தி அந்தக் கோடு வழியாவே புது பிளேடால வெட்டி, அந்தச் சதுரத்தை மட்டும் எடுத்து, கீழ பலகையை வெட்டி மாத்திட்டு, மேல அதே டிசைன் துண்டை வச்சு மூடுவேன். துண்டு எங்க கிடைக்கும்னா ஃப்ரிட்ஜ் அடில, இல்ல டிஷ்வாஷர் அடில. அங்கயும் வினைல் ஒட்டித்தான் இருக்கும், அதனால அங்க வினைலை மட்டும் உரிக்காம அடி பிளைவுட்டோட சேர்த்தே வெட்டி எடுத்துடுங்க, இதுல ஃபெல்ட் பிளக்கற பிரச்சனையே இல்ல. எடுத்த இடத்தை வேற பிளைவுட் துண்டால நிரப்பிட்டா ஃப்ரிட்ஜ் அதை மறைச்சுக்கும். துண்டை அழுகின இடத்து மேல வச்சு, டிசைன் சரியா பொருந்தற மாதிரி டேப் போட்டு அசையாம பிடிச்சு, துண்டோட ஓரத்தை ஒட்டியே பழைய வினைலையும் பிளைவுட்டையும் வெட்டினா இடைவெளி விழாது, ஆனா இதுக்குக் கை நடுங்கக்கூடாது, பொறுமை வேணும். புது பலகையோட உயரத்தை பழசோட ஒரு ஸ்கேல் வச்சுப் பார்த்து ஒட்டுங்க, அரை மில்லிமீட்டர் மேடு கூட வெளிச்சம் பட்டா தெரியும். ஜாயின்ட்டுக்கு அந்த வினைலுக்குன்னே விக்கற சீம் சீலர் போடுங்க, இல்லன்னா மாப் போடும்போதெல்லாம் தண்ணி உள்ள இறங்கும். ஃப்ரிட்ஜ் அடி துண்டு வெயில் படாததால நிறம் கொஞ்சம் வித்தியாசமா தெரியலாம், அது குறையுமான்னு என்னால வாக்கு கொடுக்க முடியாது.

இந்த வழியும் ஆகாது, தரை முழுக்க மாத்தித்தான் ஆகணும்னு வந்தாலும் வினைலை மட்டும் உரிச்சு பசையைச் சுரண்டி உயிரை விடாதீங்க, கால் இஞ்ச் பிளைவுட்டோட சேர்த்து சதுரம் சதுரமா வெட்டி எடுத்து வெளிய போடுங்க, அப்புறம் நிக்கற ஸ்டேப்பிளை குறடால பிடுங்குங்க, சலிப்பான வேலை ஆனா பசை சுரண்டறதுக்கு இது எவ்வளவோ மேல். சப்ஃப்ளோர் வெறுமையா தெரியும்போதே ஜாய்ஸ்ட் நெடுக 6 இஞ்சுக்கு ஒரு ஸ்க்ரூ போட்டுடுங்க, சத்தம் அன்னைக்கே அடங்கும். அப்புறம் புது கால் இஞ்ச் பிளைவுட், ஜாயின்ட்ல ஃபெதர் ஃபினிஷ்ங்கற மெல்லிசு சிமென்ட் பூச்சைப் பூசி வழவழப்பாக்கி, அது மேல வினைல், பசை தடவ டப்பால எழுதியிருக்கற பல்லு அளவு உள்ள ட்ரவல், அதாவது பல்லு வச்ச கரண்டிதான், கடைசில வாடகைக்கு 100 பவுண்டு ரோலர் எடுத்து ரெண்டு திசையிலயும் உருட்டுங்க. பிளைவுட்ல அளவு குறிக்க பென்சில் மட்டும் வச்சுக்கங்க, மார்க்கர் பேனாவால ஒரு கோடு போட்டா அந்த மை கொஞ்ச மாசத்துல வினைல் வழியா மேல ஏறி கறையா தெரியும், துடைச்சா போகாது.

வேலையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டிஷ்வாஷரை வெளிய இழுத்து வச்சுக்கங்க. பழசை எடுக்காம மேலயே புது தரை போட்டு மூடற வழிக்குப் போனீங்கன்னாலும் சரி, புது தரையோட உயரம் கூடிடுச்சுன்னா டிஷ்வாஷர் கவுன்டர் அடில மாட்டிக்கும், உள்ள இருக்கறது வெளிய வராது, வெளிய இருக்கறது உள்ள போகாது. அடி காலைத் திருகி எவ்வளவு இறங்குதுன்னு அளந்துட்டு அப்புறம் எந்த தடிமன் தரைன்னு முடிவு பண்ணுங்க. லேப் ரிப்போர்ட் வந்ததும், பேஸ்மென்ட்ல ஸ்க்ரூடிரைவர் குத்திப் பார்த்ததும் என்ன ஆச்சுன்னு இங்கயே எழுதுங்க, அமுங்கற இடத்தைக் கீழ இருந்து எடுத்த ஒரு படமும் போட்டீங்கன்னா கட்டை குறுக்க போட்டா போதுமா வெட்டணுமான்னு இன்னும் தெளிவா சொல்ல முடியும்.